நாற்பது நிமிடம் மாவு, நாற்பது நொடி வரலாறு

அமெரிக்காவில் நான்காம் வகுப்பு ஆசிரியர் ஒருவர் அண்டர்கிரவுண்ட் ரெயில்ரோடு பற்றிப் பாடம் நடத்தினார். தெற்கு மாநிலங்களில் அடிமைகளாக இருந்தவர்கள் தப்பி, வீடு வீடாக ஒளிந்து வடக்கே போய்ச் சேர்ந்த ரகசிய வழிகளுக்கு அந்தப் பெயர். தப்பியோடியவர்களுக்கு பிஸ்கட் முக்கிய உணவாக இருந்தது என்பதால் பிள்ளைகளை பிஸ்கட் சுட வைத்தார். நம் டீக்கடை பிஸ்கட்டை நினைக்க வேண்டாம். இது மாவும் கொழுப்பும் பிசைந்து சுடும் மெத்தென்ற சிறு ரொட்டி. பிறகு அவர் உளவியல் பேராசிரியர் டேனியல் வில்லிங்ஹாமிடம் இந்தப் பாடம் எப்படி என்று கேட்டார். வில்லிங்ஹாம் தன் 2009ஆம் ஆண்டு நூலில் இதைச் சொல்கிறார். பிள்ளைகள் பிஸ்கட்டுக்கும் தப்பியோடியவர்களுக்கும் என்ன தொடர்பு என்று நாற்பது நொடி யோசித்திருப்பார்கள், மாவை அளப்பதையும் கொழுப்பைக் கலப்பதையும் நாற்பது நிமிடம் யோசித்திருப்பார்கள் என்பது அவருடைய பதிலின் சாரம். எதை யோசிக்கிறோமோ அதுதான் மனதில் தங்கும். அந்தக் கணக்குப்படி பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோனது பிஸ்கட் சுடும் பாடம்.

சமையல் வழியாக அமெரிக்க வரலாற்றைச் சொல்லிக்கொடுக்கலாம் என்று வாதாட வருகிறவர் முதலில் இந்த அடியை வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். ஏனென்றால் இது பெரும்பாலும் நியாயமான அடி. நவம்பர் மாதம் வந்தால் தொடக்கப் பள்ளிகளில் குப்பியில் பாலேட்டை ஊற்றிக் குலுக்கி வெண்ணெய் எடுப்பார்கள், சோள ரொட்டி சுடுவார்கள், காகிதத் தொப்பி மாட்டிக்கொண்டு விருந்து உண்பார்கள். லாரா இங்கல்ஸ் வைல்டரின் கதைகளில் வரும் சாப்பாட்டை வைத்து பார்பரா வாக்கர் 1979இல் வெளியிட்டதைப் போன்ற நல்ல சமையல் புத்தகங்களும் உண்டு. பிள்ளைகளுக்கு எல்லாமே கொண்டாட்டம். ஆனால் மறுவாரம் கேட்டுப் பாருங்கள்: அந்தக் காலத்தில் எல்லாவற்றையும் கையாலேயே செய்தார்கள் என்பதைத் தாண்டி ஒரு வாக்கியம் தேறுவது கடினம். எந்த நாட்டின் எந்த நூற்றாண்டுக்கும் பொருந்துகிற வாக்கியம் அது. அமெரிக்காவைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

சரி, அடுப்பை அணைத்துவிட்டுப் பாடப்புத்தகத்துக்கே திரும்பிவிடலாமா? வேண்டாம் என்கிறேன். வில்லிங்ஹாமின் விதியை அப்படியே ஏற்றுக்கொண்டு அதிலிருந்தே வேறொரு முடிவுக்கு வரலாம். யோசிப்பதுதான் மனதில் தங்கும் என்றால், கை செய்கிற வேலையும் கற்க வேண்டிய வரலாறும் ஒன்றாகவே இருக்கும்படி உணவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிஸ்கட்டின் குறை அங்கேதான் இருக்கிறது. தப்பியோடியவர் தின்ற பிஸ்கட்டுக்கும் நாயோடு அவரைத் துரத்தியவர் தின்ற பிஸ்கட்டுக்கும் ஒரே மாவு, ஒரே கொழுப்பு. அதைப் பிசைகிற கை எந்தக் கேள்வியிலும் போய் இடித்துக்கொள்வதில்லை. வேறு சில உணவுகள் அப்படி இல்லை. ஏன் இந்தப் பொருள், ஏன் இவ்வளவு கொஞ்சம், இருக்க வேண்டியது ஏன் இல்லை, சமைத்தவர் யார், எழுதிவைத்தவர் யார் என்று செய்முறையின் ஒவ்வொரு வரியும் கேள்வியாக நிற்கும். அதற்கான பதில் கடிதத்திலும் சட்டத்திலும் வாக்குமூலத்திலும்தான் கிடைக்கும். பிள்ளையை அந்த ஆவணம் வரை இழுத்துக்கொண்டு போகிற சமையல்தான் வரலாற்றுப் பாடம். மற்றதெல்லாம் சமையல், அதுவும் நல்ல விஷயம்தான், ஆனால் அதற்கு வரலாறு என்று பெயர் வைக்க வேண்டாம்.

எளிதானதிலிருந்து தொடங்குவோம். அடுப்புகூட வேண்டாம், ஒரு தராசு போதும். மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து, தப்பி, 1845இல் தன் வாழ்க்கையை எழுதிய பிரெடரிக் டக்ளஸ், பண்ணையில் வேலை செய்தவர்களுக்கு அளக்கப்பட்ட மாதப்படியைக் குறித்து வைத்திருக்கிறார்: எட்டுப் பவுண்டு பன்றியிறைச்சி அல்லது அதற்கு ஈடான மீன், அதோடு ஒரு புஷல் மக்காச்சோள மாவு. எட்டுப் பவுண்டு ஏறக்குறைய 3.6 கிலோ. முப்பது நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்கு 120 கிராம். பத்து வயதுப் பிள்ளை இந்தக் கணக்கைத் தானே போடும், 120 கிராமைத் தானே நிறுத்துத் தட்டில் வைக்கும். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை வயலில் நின்ற ஒருவருக்கு இது போதுமா, போதாவிட்டால் என்ன செய்தார்கள் என்று அடுத்த கேள்வியை நாம் கேட்கவே வேண்டாம், பிள்ளையே கேட்கும். குடிசை ஓரத்தில் இரவில் போட்ட தோட்டம், ஆற்றில் பிடித்த மீன், கண்ணி வைத்துப் பிடித்த முயல் என்று பதில் விரியும்போது, அடிமைகளாக வைக்கப்பட்டவர்கள் வெறுமனே துன்பப்பட்டவர்களாக மட்டும் இல்லாமல், பிழைக்க வழி கண்டவர்களாகவும் பிள்ளையின் முன் நிற்கிறார்கள். அளந்து பார்த்த அந்தச் சில நிமிடங்களில் பிள்ளை யோசித்தது முழுவதும் வரலாறு.

இதே தராசை 1942க்குக் கொண்டுபோங்கள். பிலிப்பைன்ஸ் ஜப்பானிடம் விழுந்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த சர்க்கரை நின்றது. ஹவாய்ச் சர்க்கரையை ஏற்றிவந்த கப்பல்களைப் போர் இழுத்துக்கொண்டது. மே மாதம் சர்க்கரைக்கு ரேஷன் வந்தது. தொடக்கத்தில் ஆளுக்கு வாரம் அரைப் பவுண்டு, அதாவது சுமார் 225 கிராம். ரேஷன் கார்டு நமக்குப் பழகியது. அமெரிக்காவில் வளரும் பிள்ளைக்கு அது புதிர். வீட்டிலுள்ளவர்களுக்கான ஒரு வாரச் சர்க்கரையை நிறுத்து டப்பாவில் போட்டு, காப்பியும் கஞ்சியும் பிறந்தநாள் கேக்கும் இதற்குள்ளேதான் என்று சொல்லிவிட்டால், திட்டம் போடுவது முழுக்கப் பிள்ளையின் பொறுப்பு. முட்டை, பால், வெண்ணெய் எதுவும் இல்லாமல் ஆப்பசோடாவும் வினிகரும் கலந்து நுரைப்பதில் உப்புகிற அந்தக் காலத்து கேக்கை அப்போது சுட்டால், அது ஏன் அப்படி இருக்கிறது என்று யாரும் விளக்க வேண்டியிராது. பிறகு டக்ளஸ் எழுதிய படியையும் இந்த ரேஷனையும் பக்கத்தில் வைத்துப் பேசலாம். இரண்டும் அடுத்தவர் வைத்த அளவுதான். ஒன்றை வைத்த அரசை வாக்களித்து மாற்றலாம். மற்றதை வைத்த எஜமானனிடம் வாய் திறக்க முடியாது. ஆனால் அங்கேயும் நிறுத்திவிடக் கூடாது. 1942இல் தெற்கின் கறுப்பின மக்களில் பெரும்பாலோருக்கு அந்த வாக்கு ஏட்டளவில்தான் இருந்தது. அதே ஆண்டில்தான் மேற்குக் கரையிலிருந்து சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர், பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்களாகவே இருந்தும், முள்வேலி முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கே வீட்டுச் சமையல் என்பதே இல்லாமல் போய், பொதுக்கூடத்தில் வரிசையில் நின்று சாப்பிட்டார்கள்.

இப்போது அடுப்பைப் பற்றவைக்கலாம். என் கணிப்பில் இந்த முறைக்கு ஆகச் சிறந்த உதாரணம் மக்காச்சோளம். இரண்டு கிண்ணம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் சாதாரண மக்காச்சோள மாவு, இன்னொன்றில் மெக்சிகோக்காரர்கள் ரொட்டி தட்டும் மாசா மாவு. இரண்டும் கடையில் கிடைக்கும், இரண்டும் ஒரே தானியம். வெந்நீர் விட்டுப் பிசையச் சொல்லுங்கள். முதல் மாவு கையில் நிற்காமல் உதிரும். இரண்டாவது உருண்டையாகத் திரளும், தட்டையாகத் தட்டலாம், கல்லில் போட்டு எடுக்கலாம். வித்தியாசம் என்னவென்றால், மாசாவுக்கான சோளம் அரைபடுவதற்கு முன் சுண்ணாம்பு நீரில் வெந்து ஊறியது. காரம் மேல்தோலைக் கழற்றி, தானியத்தின் உள்ளே இறுகியிருப்பதை இளக்கிவிடுகிறது. தெற்கே மெக்சிகோவில் சுண்ணாம்பு. வடக்கே செரோக்கி, சாக்டா போன்ற மக்களிடம் மரச்சாம்பல் நீர். ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் பூர்வகுடிகளிடமிருந்து சோளத்தை வாங்கிக்கொண்டார்கள். சாம்பல் நீரில் வேகவைக்கும் பக்குவத்தையும் சிலர் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் தெற்கின் அன்றாடச் சாப்பாடாக நிலைத்தது, அந்தப் பக்குவம் இல்லாமல் அப்படியே அரைத்த மாவு.

அதற்கான விலை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெரிந்தது. காரத்தில் வேகாத சோளத்தில் உள்ள நியாசின் சத்து உடலில் சேர்வதில்லை. பருத்தி வயல்களில் வாரத்துக்கு உழுதவர்களும் ஆலைத் தொழிலாளர்களும், கறுப்பினத்தவர் வெள்ளையர் என்று இல்லாமல், ஆண்டின் பெரும்பகுதியை சோளமாவு, உப்புப் போட்ட பன்றிக்கொழுப்பு, கறுத்த பாகான மொலாசஸ் என்ற மூன்றை வைத்தே தள்ளினார்கள். வாசல்படிவரை பருத்தி நட்டாக வேண்டும். காய்கறி போட இடமில்லை, மாடு வைத்துக்கொள்ள வழியில்லை. தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தி பேதலித்து, கடைசியில் உயிரையே எடுக்கிற பெலக்ரா என்ற நோய் பரவியது. தொற்றுக் கிருமி என்று மருத்துவர்களில் பலர் நம்பினார்கள். 1914இல் அரசு அனுப்பிய மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர், அனாதை இல்லங்களில் பால், முட்டை, இறைச்சி கொடுத்து நோயைப் போக்கினார். மறு ஆண்டு மிசிசிப்பி சிறைப் பண்ணையில், விடுதலை தருவதாகச் சொன்னதை ஏற்று முன்வந்த கைதிகளுக்கு ஏழைகளின் சாப்பாட்டையே கொடுத்து நோயை வரவழைத்தும் காட்டினார். அப்படியும் தெற்கின் பிரமுகர்கள் பலர் ஏற்கவில்லை. சாப்பாடு காரணம் என்றால் வறுமை காரணம். வறுமை காரணம் என்றால் பருத்தியை நம்பிய அந்தப் பொருளாதாரமே காரணம் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். நோயைத் தடுப்பது நியாசின்தான் என்பது 1937இல்தான் உறுதியானது. கையில் உதிர்கிற மாவு ஏன் உதிர்கிறது என்ற ஒரே கேள்வி பூர்வகுடிகளின் அறிவு, குடியேற்றம், பருத்தி, வாரச் சாகுபடி, பொது சுகாதாரம் என்று ஐந்து இடங்களுக்குக் கூட்டிப்போகிறது. இந்த யோசனையை நாற்பது நொடியில் முடிக்க முடியாது.

சில உணவுகளைச் செய்யவே வேண்டாம், செய்முறையில் உள்ள பொருள்களைப் படித்தால் போதும். பூர்வகுடிகளின் திருவிழாக்களில் இன்று விற்கும் ஃபிரை பிரெட் என்ற எண்ணெய் ரொட்டியில் கோதுமை மாவு, உப்பு, பேக்கிங் பவுடர், பொரிக்கக் கொழுப்பு. இதற்குப் பக்கத்தில், ஐரோப்பியர் வருமுன் இந்த மண்ணில் விளைந்த மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி என்று இன்னொரு பட்டியலை எழுதச் சொல்லுங்கள். ஒரு பொருள்கூட ஒத்துப்போகாது. எப்படி? 1864இல் அமெரிக்க ராணுவம் நவாஹோ மக்களின் வயல்களையும் பீச் மரத் தோப்புகளையும் அழித்துவிட்டு, எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை போஸ்கே ரெடோண்டோ என்ற இடத்துக்கு நடத்திக்கொண்டு போனது. நட்ட சோளத்தைப் புழு தின்றது, ஆற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தது. ராணுவம் அளந்த மாவிலும் கொழுப்பிலும்தான் உயிர் வாழ வேண்டியிருந்தது. 1868 ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் ஊர் திரும்பினார்கள். இந்த ரொட்டி அந்த நாட்களில் பிறந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. இதைப் பிழைத்துக் கிடந்ததன் அடையாளமாகப் போற்றுகிறவர்கள் உண்டு. தெற்கு டகோட்டா 2005இல் இதைத் தன் மாநில ரொட்டியாகவே அறிவித்தது. அதே ஆண்டில், இது எங்கள் உணவே அல்ல, எங்கள் உடம்பைக் கெடுத்த உணவு என்று பூர்வகுடிச் செயல்பாட்டாளர் சூசன் ஷோன் ஹார்ஜோ எழுதினார். மினியாபொலிஸில் ஒக்லாலா லகோட்டா சமையற்கலைஞர் ஷான் ஷெர்மன் தொடங்கிய உணவகத்தில் கோதுமைக்கும் பாலுக்கும் கரும்புச் சர்க்கரைக்கும் இடமில்லை. ஒரே ரொட்டியைப் பற்றி பூர்வகுடிகளுக்குள்ளேயே இத்தனை நிலைப்பாடு இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரிவதே பாதிப் பாடம்.

யார் சமைத்தார், யார் எழுதினார் என்ற கேள்விக்கு ஹாப்பின் ஜான் பொருத்தம். காராமணி இனத்துப் பயறும் அரிசியும் பன்றியிறைச்சியோடு சேர்த்து வேகவைப்பது. தெற்கில் புத்தாண்டு அன்று உண்பது. பயறு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. இதன் செய்முறை, 'சார்ல்ஸ்டனைச் சேர்ந்த ஒரு சீமாட்டி' என்று மட்டும் போட்டு 1847இல் வந்த புத்தகத்தில் இருக்கிறது. அந்தச் சீமாட்டி சாரா ரட்லெஜ். சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களிலேயே இளையவரான எட்வர்ட் ரட்லெஜின் மகள். அந்த நகரத்தில் அப்படிப்பட்ட வீடுகளில் அடுப்படி வேலை செய்தவர்கள் அடிமைகள். செய்முறைகள் அவர்கள் கையில் இருந்தன, பேனா வேறு கையில் இருந்தது. இதோடு 1881இல் சான் பிரான்சிஸ்கோவில் வெளிவந்த ஏபி ஃபிஷரின் சமையல் புத்தகத்தையும் வையுங்கள். அவர் தெற்கு கரோலினாவில் அடிமையாக இருந்தவர். எழுதப் படிக்கத் தெரியாததால் வாயால் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். இதில் பெயர் அவருடையது. இரண்டு புத்தகத்துக்கும் நடுவே உள்நாட்டுப் போரும் விடுதலையும் நடந்து முடிந்திருந்தன. கொஞ்சம் பெரிய பிள்ளைகளென்றால் அரிசியைப் பற்றிய சர்ச்சையையும் சொல்லலாம். கரோலினாவின் நெல் சாகுபடியே மேற்கு ஆப்பிரிக்கர்களின் அறிவில் எழுந்தது என்று ஜூடித் கார்னி 2001இல் நூல் எழுதினார். அடிமைக் கப்பல்களின் தரவுகளை வைத்து டேவிட் எல்டிஸ் உள்ளிட்ட மூவர் 2007இல் அதை மறுத்தார்கள். வரலாறு என்பது மனப்பாடம் செய்ய வேண்டிய முடிவு என்று நினைக்கிற பிள்ளைக்கு, அது இன்னமும் நடந்துகொண்டிருக்கிற வழக்கு என்று காட்ட இதைவிட நல்ல தட்டு கிடைக்காது.

இந்த முறையில், நவம்பரில் வரும் தேங்க்ஸ்கிவிங் விருந்தைத் தலைகீழாக நடத்த வேண்டும். சமைப்பதற்குப் பதிலாக, மேசையிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். 1621இல் பிளிமத்தில் ஆங்கிலக் குடியேறிகள் நடத்திய விருந்தை நேரில் கண்ட எட்வர்ட் வின்ஸ்லோவின் கடிதம் ஒரு சிறு பத்திதான், பிள்ளைகளே படித்துவிடலாம். வேட்டையாடிய பறவைகள் இருக்கின்றன. மாசசாய்ட் என்ற பூர்வகுடித் தலைவரும் தொண்ணூறு பேரும் வந்து மூன்று நாள் தங்குகிறார்கள். அவர்கள் ஐந்து மான்களைக் கொண்டுவருகிறார்கள். பூசணி பை இல்லை. அதற்குக் கோதுமை மாவும் வெண்ணெயும் குடியேறிகளிடம் இல்லை. உருளைக்கிழங்கு அந்தப் பக்கம் இன்னும் வரவில்லை. அப்படியென்றால் இன்றைய விருந்து எங்கிருந்து வந்தது? பத்திரிகை ஆசிரியர் சாரா ஜோசபா ஹேல் பல பத்தாண்டுகள் எழுதியும் கடிதம் போட்டும் கேட்டுக்கொண்டிருந்ததை, 1863இல், உள்நாட்டுப் போரின் நடுவில், லிங்கன் நாடு தழுவிய நாளாக அறிவித்தார். நியூ இங்கிலாந்து வீடுகளின் 19ஆம் நூற்றாண்டுச் சாப்பாடு நாட்டின் சாப்பாடாயிற்று. மாசசாய்ட்டின் மகன் மெட்டாகோம் 1675இல் அதே குடியேறிகளோடு போருக்குப் போக வேண்டிய நிலை ஏன் வந்தது என்ற கேள்வியும், 1970இலிருந்து அதே நாளை பிளிமத்தில் பூர்வகுடிகள் துக்க நாளாக ஏன் அனுசரிக்கிறார்கள் என்ற கேள்வியும் அந்த மேசையில்தான் இருக்கின்றன.

எதிர்ப்புகளுக்கு வருவோம். ஆகக் கனமானது இது: சமையல் இயல்பாகவே இன்பமான வேலை. அடிமைத்தனத்தையும் இன அழிப்பையும் அதன் வழியாகச் சொன்னால் கொடுமைக்கு இனிப்புத் தடவியதாக ஆகாதா? ஆகும், ஆகியும் இருக்கிறது. 2015இல் வந்த 'எ ஃபைன் டெசர்ட்' என்ற படப்புத்தகம், ஒரே பெர்ரி இனிப்பை நான்கு நூற்றாண்டுகளில் நான்கு குடும்பங்கள் செய்வதாகக் காட்டியது. 1810இல் சார்ல்ஸ்டனில் அடிமைத் தாயும் மகளும் புன்னகையோடு அதைச் செய்வதாக வந்த பக்கங்களுக்குக் கடும் கண்டனம் எழுந்தது. ஆசிரியர் எமிலி ஜென்கின்ஸ் மன்னிப்புக் கேட்டார். சில மாதங்களில், ஜார்ஜ் வாஷிங்டனின் சமையல்காரர் ஹெர்குலிஸ் பிறந்தநாள் கேக் செய்யும் கதையைச் சொன்ன படப்புத்தகத்தை ஸ்காலஸ்டிக் பதிப்பகம் வெளியிட்ட வேகத்திலேயே திரும்பப் பெற்றது. இந்த இரண்டாவது கதையில் விட்டுப்போனது எது என்று பாருங்கள். அடிமைகள் ஆறு மாதம் தொடர்ந்து தங்கினால் விடுதலை கோரலாம் என்ற பென்சில்வேனியாச் சட்டத்துக்கு அகப்படாமல் இருக்க, பிலடெல்பியாவிலிருந்த தன் அடிமைகளை வாஷிங்டன் அவ்வப்போது மாநில எல்லைக்கு வெளியே அனுப்பி அழைத்துக்கொண்டார். 1797 பிப்ரவரி 22, வாஷிங்டனின் 65ஆவது பிறந்தநாள் அன்று, அவருடைய பண்ணையான மவுண்ட் வெர்னனிலிருந்து ஹெர்குலிஸ் தப்பினார். அப்பாவைப் பார்க்க முடியாதது வருத்தமில்லையா என்று சில வாரம் கழித்து ஒரு விருந்தாளியின் பணியாள் கேட்டபோது, அவர் இப்போது சுதந்திரமாக இருப்பதால் தனக்கு மகிழ்ச்சி என்று ஹெர்குலிஸின் ஆறு வயது மகள் சொன்னாள். அவள் தொடர்ந்து அடிமையாகவே இருந்தாள்.

அந்தப் புத்தகங்களில் தவறியது சமையலா, கதையா? கதை என்பதே என் பதில். இரண்டும் உணவை இன்பத்தின் கதையாகச் சொல்லி, சமைத்தவரின் நிலைமையை ஓரத்துக்குத் தள்ளின. கேக்கின் செய்முறையைக் கொடுத்த கையோடு பென்சில்வேனியாச் சட்டத்தையும் அந்தச் சிறுமியின் பதிலையும் கொடுத்திருந்தால், பிள்ளைகளுக்குத் தாங்காது என்று சொல்ல முடியுமா? அந்தப் பதிலைச் சொன்னவளே ஆறு வயதுப் பிள்ளைதான். ஒரு கண்டிப்பான எல்லை மட்டும் உண்டு: துன்பத்தை நடித்துப் பார்க்கக் கூடாது. டக்ளஸ் தன் நூலில், சோளக்கூழை மரத்தொட்டியில் ஊற்றித் தரையில் வைக்க, பிள்ளைகள் சிப்பி ஓட்டாலும் வெறுங்கையாலும் அள்ளித் தின்றதை எழுதியிருக்கிறார். அதை வாசிக்க வேண்டும். வகுப்பில் தொட்டி வைத்து நடத்திக் காட்டக் கூடாது. பத்து நிமிடம் நடித்த பிள்ளைக்கு அந்த வாழ்க்கை புரிந்துவிட்டதாக ஒரு பொய்யான திருப்திதான் மிஞ்சும். வகுப்பில் கறுப்பினப் பிள்ளை இருந்தால் அது அவமானமும்கூட. பொருளை அளக்கலாம், கேள்வி கேட்கலாம், ஆவணம் படிக்கலாம். வேதனையை மட்டும் சமைக்க முடியாது.

இரண்டாவது எதிர்ப்பு: இப்படிப் போனால் வயிறும் வீடும்தான் வரலாறாகும், அரசியல் சட்டமும் நீதிமன்றமும் தேர்தலும் எங்கே என்பது. இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். அதிகாரப் பிரிவினையை எந்தப் பாத்திரத்திலும் காய்ச்ச முடியாது, அதற்குப் புத்தகம்தான். ஆனால் நினைப்பதைவிட அரசியல் அடுப்படியில் அதிகம். பாஸ்டன்காரர்களின் பழுப்பு ரொட்டிக்கும் பீன்ஸுக்கும் இனிப்பு தரும் மொலாசஸ், கரீபியன் தீவுகளில் அடிமைகள் ஆட்டிய கரும்பிலிருந்து சர்க்கரை எடுத்த பின் மிஞ்சும் கறுத்த பாகு. பிரெஞ்சுத் தீவுகளில் மலிவாகக் கிடைத்த அதன் மேல் 1733இல் பிரிட்டன் கேலனுக்கு ஆறு பென்ஸ் வரி போட்டது, கடத்தல் பெருகியது. 1764இல் வரியை மூன்று பென்ஸாகக் குறைத்து, கறாராக வசூலிக்கப் புறப்பட்டதும் எதிர்ப்பு வெடித்தது. அமெரிக்க விடுதலைக்கு மொலாசஸும் ஒரு முக்கியச் சேர்மானம் என்று ஜான் ஆடம்ஸ் முதுமையில் எழுதினார். வரி குறைந்தபோது ஏன் கோபம் கூடியது என்று ரொட்டி வேகும் நேரத்தில் பிள்ளை யோசிக்கட்டும். சுதந்திரம் கேட்டவர்களின் ரொட்டியை இனிக்க வைத்தது யாருடைய உழைப்பு என்பதையும் சேர்த்து யோசிக்கட்டும். இன்னொன்று: 1796இல் ஹார்ட்ஃபோர்டில் அமீலியா சிம்மன்ஸ் வெளியிட்ட, அமெரிக்கர் எழுதிய முதல் சமையல் புத்தகம் என்று கருதப்படும் நூலில், மாவை உப்பவைக்க மரச்சாம்பலிலிருந்து எடுத்த காரம் வருகிறது. புதிய குடியரசு 1790இல் கொடுத்த முதல் காப்புரிமையே அந்தக் காரம் தயாரிக்கும் முறைக்குத்தான். சாம்பலுக்கு மரம் வேண்டும். மரம் காடாக நின்றது. காடு வெட்டிய கதை அங்கிருந்து தொடங்கும்.

மூன்றாவது எதிர்ப்பு நேரத்தைப் பற்றியது. வாசித்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துகொள்வதை ஒரு மதியம் முழுக்கப் பிசைந்து தெரிந்துகொள்ள வேண்டுமா? எல்லாப் பாடத்துக்கும் வேண்டாம். ஆண்டுக்கு நான்கைந்து உணவு, ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் வாசிப்பு என்றால் போதும். கை வேலையில் கிடைக்கிற ஒன்று வாசிப்பில் கிடைக்காது என்பதற்கு, ஜான் டூயி 1896இல் சிகாகோவில் தொடங்கிய சோதனைப் பள்ளி சாட்சி. அங்கே பிள்ளைகள் பருத்திக் காயிலிருந்து பஞ்சைக் கையால் பிரித்துப் பார்த்தார்கள். அரை மணி நேரம் உழைத்த ஒரு குழுவுக்கு ஓர் அவுன்ஸ்கூடத் தேறவில்லை. பஞ்சு பிரிக்கும் இயந்திரம் ஏன் ஒரு காலத்தையே புரட்டியது என்று அதற்குப் பின் நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. அதே பள்ளியில் சமையல் வகுப்பில் ஒரு பிள்ளை பொறுமையிழந்து, எதற்கு இவ்வளவு சோதனை, புத்தகத்தில் இருக்கிற செய்முறையைப் பார்த்துச் செய்துவிட்டுப் போவோமே என்றது. அந்தச் செய்முறை எங்கிருந்து வந்தது என்று ஆசிரியர் திருப்பிக் கேட்டார். வெறுமனே பின்பற்றினால் ஏன் செய்கிறோம் என்பது தெரியாமலே போகும் என்ற இடத்துக்குப் பேச்சு போய்ச் சேர்ந்தது. டூயி இதை எழுதிய காலத்துக்கும் வில்லிங்ஹாமின் பிஸ்கட்டுக்கும் நூறாண்டுக்கு மேல் இடைவெளி, கல்வியைப் பற்றிய பார்வையிலும் இருவரும் வெவ்வேறு கரை. ஆனாலும் செய்முறையைக் கண்மூடிப் பின்பற்றுவது கல்வி இல்லை என்பதில் இருவரும் ஒரே பக்கம்.

ஆகவே பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் நான் சொல்வது ஒரு சோதனைதான். எந்தப் பழைய அமெரிக்கச் செய்முறையை எடுத்தாலும், அடுப்பைப் பற்றவைக்கும் முன் அதன் பொருள்களையும் அளவுகளையும் ஒருமுறை படியுங்கள். அதில் ஒரு வரியாவது வரலாறு தெரியாமல் விளக்க முடியாததாக இருக்கிறதா? அந்த வரியை விளக்குகிற கடிதமோ சட்டமோ வாக்குமூலமோ பிள்ளை படிக்கக்கூடிய அளவில் இருக்கிறதா? சமைத்தவர் யாரென்று சொல்ல முடியுமா, முடியாவிட்டால் ஏன் முடியவில்லை என்றாவது சொல்ல முடியுமா? மூன்றுக்கும் ஆம் என்றால் அது பாடம். ஒரு மதியத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம். ஒன்றுக்கும் இல்லை என்றால், தாராளமாகச் செய்து பிள்ளைகளோடு உட்கார்ந்து ருசித்துச் சாப்பிடுங்கள். வரலாற்றுக்கு ஒதுக்கிய மணி நேரத்தை அதில் கழிக்காதீர்கள்.